அடுத்த படகு

"நம்ம வீட்டை இன்னொரு தடவை போடும்மா. இந்தத் தடவை தண்ணி கழுத்தளவுன்னு போடு."

மாமனார் நாற்காலிக்குப் பின்னால் நின்று கட்டளையிட்டார். தெருவில் நின்ற வெள்ளமோ இன்னும் வாசல்படி ஏறவில்லை. மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ள உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே கேட்டு, கணினி வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது அவள் தானாக ஏற்றுக்கொண்ட வேலை. அழைப்புகள் கூடக் கூடப் புள்ளி பெரிதாகும். பெருத்த புள்ளிக்குத்தான் படகு முதலில் போகும். இந்தச் சூட்சுமத்தை மோப்பம் பிடித்த மாமனார், தெருவில் ஒருவர் விடாமல் கூப்பிட வைத்துவிட்டார். புள்ளி பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்தது ஒரே ஒரு அழைப்பு. பேசியவள் இதே வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அந்த வரிசை வீடுகளில் அவள் போன் மட்டும்தான் நனையாமல் தப்பியிருந்தது. எல்லாரும் கூரை மேலே இருக்கிறோம், பிள்ளைகள் நடுங்குகிறார்கள், சார்ஜ் தீரப்போகிறது என்றாள். அத்தனை உயிருக்கும் சேர்த்துக் கடுகளவு புள்ளி விழுந்தது. கத்துகிறவனுக்குத்தான் படகு என்றால் இது என்ன நியாயம் என்று மருமகளுக்கு ஆத்திரம் பொங்கியது.

ஓரிடத்து அழைப்புகளை ஒன்றாகச் சேர்ப்பதும் அவள் வேலைதான். சொந்தத் தெரு என்று இதுவரை கை வைக்காமல் இருந்தாள். இப்போது வைத்தாள். பூசணிக்காய் சுருங்கியது. வாய்க்கால் புள்ளியில், கூரை மேல் ஒரு வரிசை வீட்டுச் சனமே நிற்கிறது என்று எழுதினாள். படகு அந்தப் பக்கம் திரும்பியது.

"தெருவுல இனிமே நான் எப்படித் தலை காட்டுறது? கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"தண்ணி படி ஏறலைன்னு சொல்லுங்க மாமா."

மதியத்துக்கு மேல், திரும்பும் வழியில் படகு அவர்கள் வாசலில் நின்றது. நனைந்த பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் பலகையைத் துடைத்துவிட்டாள்.

"வாங்கய்யா, இடமிருக்கு."

மாமனார் அந்த இடத்தைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். அவர் வீட்டில் அவள் இத்தனை காலமும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க போங்க. நான் அடுத்த படகுல வரேன்."

படகு போய்விட்டது. மருமகள் உள்ளே வந்து, தங்கள் வீட்டுப் புள்ளிக்குக் கீழே எழுதினாள்: 'படகு வந்தது. இடமும் இருந்தது. இங்கே ஆபத்தில் யாரும் இல்லை.'

அதை அழிக்கச் சொல்ல மாமனார் வாயைத் திறந்தார். என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார்.