எந்தக் கொடி

நாலாயிரத்து எழுநூற்றைம்பது. அடுத்த வீட்டு டிரைவர் அண்ணன் வெல்டருக்குத் தர வேண்டிய பாக்கி அது. முப்பதடி இரும்புக் கம்பம், உச்சியில் ஒரு கப்பி, கயிறு, அடியில் போட்ட கான்கிரீட், கூலி எல்லாம் சேர்த்து. நட்ட அன்றைக்கு "நாளைக்கு வாங்கிக்க தம்பி" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

டிரைவர் அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுநர் சங்கத்துக்காக ஓடாய்த் தேய்ந்தவர். சங்கக் கொடி வாசலில் பறந்தால்தான் சோறு இறங்கும் என்று சொல்லி ஏற்றினார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. தன் பந்தாட்டக் குழுவின் கொடிக்கு அதைவிட உயரமாக ஒரு கம்பம் நட்டார். வெளியாளை வைத்து நட்டார், கையோடு காசையும் கொடுத்தார் என்று கேள்விப்பட்டபோது வெல்டருக்கு வயிறு எரிந்தது.

காற்று வந்தால் கயிற்றுக் கொக்கி கம்பத்தில் மோதும். இந்தப் பக்கம் டங் என்றால் அந்தப் பக்கம் டிங். தெருவே புரண்டு புரண்டு படுத்தது. வெல்டருக்கோ ஒவ்வொரு டங்கும் தன் பாக்கியை யாரோ எண்ணிக் காட்டுவதுபோல இருந்தது. எழுந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார், திரும்பப் படுப்பார்.

யாரோ நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டார்கள். தெருமுனைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். வெல்டர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது தலை நரைத்த பிறகு. முதல் வரியைக் கூட்டினார். தனியார் வீடுகளில் கொடி கட்டுவது குறித்து. அடுத்த வரி, அனுமதியின்றிக் கட்டிய கொடிகள் அகற்றப்படும். அதற்குள் பின்னால் நின்றவர் முதுகில் இடித்தார். மீதியை விட்டுவிட்டு வெல்டர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

காரணம் இல்லாமல் ஓடவில்லை. பட்டறையை மூடிய பிறகு அவருக்கு வேலை வந்தால் உண்டு. வீடு நடப்பது மொட்டைமாடியில் மனைவி கட்டியிருந்த எட்டுக் கொடியில்தான். இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அவள் கையில் துவைந்து அந்தக் கொடிகளில் காய்ந்து சாயங்காலம் மடிப்பாகத் திரும்பிப் போகும். "நம்ம பொழப்பு கொடி கட்டிப் பறக்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"கொடியெல்லாம் அவுக்கணுமாம்" என்றார் வெல்டர்.

"யாரு சொன்னா?"

"நகராட்சி. சுவத்துல போட்டிருக்கான். நானே படிச்சேன்."

படித்தேன் என்று அவர் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசுவதில்லை. எட்டுக் கொடியையும் அவிழ்த்தாள். ஈர விரிப்புகளை நாற்காலி முதுகிலும் கதவு மேலும் ஜன்னல் கம்பியிலும் போட்டாள். வீடு முழுக்க வெள்ளை. நடந்தால் முகத்தில் ஈரம் அறைந்தது. அரைகுறையாகக் காய்ந்த விரிப்பை விடுதிக்காரர் மோந்து பார்த்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

விஷயம் டிரைவர் அண்ணன் காதுக்கு எட்டியபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட தம்பி, அது என் கொடி. உன் வீட்டம்மா கொடி இல்ல." வெல்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மனைவி எட்டுக் கொடியையும் மறுபடி இழுத்துக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் வழக்கத்தைவிட இறுக்கினாள்.

வெல்டர் படிக்காமல் விட்ட வரிகளில் அறிவித்திருந்த முதல் கூட்டம் நகராட்சிக் கூடத்தில் நடந்தது. என் இடம், என் கம்பம், என் கொடி, இதில் நகராட்சி எங்கே மூக்கை நுழைக்கிறது என்றார் டிரைவர் அண்ணன். அந்த ஒரு விஷயத்தில் மருந்துக்கடைக்காரரும் அவரும் ஒரே கட்சி. தூக்கத்துக்கு யார் பொறுப்பு என்று பின்வரிசை கேட்டது. கவுன்சிலர் அம்மா இரு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் கை தூக்கச் சொன்னார். பத்தடிக்கு மேல் கம்பம் கூடாது, மாத முடிவுக்குள் எடுத்துவிட வேண்டும், கொடிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று முடிவானது.

டிரைவர் அண்ணன் அனுமதிக்குப் போகவில்லை. கம்பத்திலிருந்து கொடியை இறக்கினார். வாசல் கேட்டிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு கயிறு கட்டி, அதில் சங்கக் கொடியை விரித்து, நாலு கிளிப்பைப் போட்டார். பார்வையிட வந்த நகராட்சி ஆளிடம், "துவைச்சுக் காயப்போட்டிருக்கேன் சார். கொடியில காயுற துணிக்கும் அனுமதியா?" என்றார். வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அந்த யோசனையை எங்கே பிடித்தார் என்று வெல்டருக்கு மட்டும் தெரியும்.

மருந்துக்கடைக்காரரும் அதையே செய்தார். பிறகு தெருவில் ஆளுக்கொரு கொடி. எதுவும் காய்ந்து முடியவே இல்லை. மழை வந்தால்கூட யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு வெல்டரின் மனைவியும் போனாள். தெருவைப் பார்த்து எந்தத் துணியும் கட்டக் கூடாது, காயப்போடவும் கூடாது என்று ஒரு புது வரியைச் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. வெல்டர் நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்றார். கால் மாற்றி நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகினார்.

அவள் எழுந்தாள். "எங்க வீட்டுத் துணி சாயங்காலம் காஞ்சிடும்மா. காயாத துணிக்காரங்களுக்கு மட்டும் சட்டம் போடுங்க."

கூடம் சிரித்தது. கவுன்சிலர் அம்மாவும் சிரித்தார். ஆனால் எது காயும் எது காயாது என்று வாசல் வாசலாக ஆளை நிறுத்த முடியாது, எழுதினால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுத முடியும் என்றார். "வெள்ளையும் ஒரு கொடிதானே, தோத்தவங்க பிடிக்கிறது" என்றார் மருந்துக்கடைக்காரர். அதற்கும் சிரித்தார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் உயர்ந்தன. வரி சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். மொட்டைமாடி தெருவுக்குத் தெரியும்; வீடு மறைத்துத் தெருக்கண் படாத இடம் அது ஒன்றுதான். மூன்று பக்கமும் உயரமான சுவர். தாழக் கட்டினால் வெயிலும் வராது, காற்றும் வராது. சுவருக்கு மேல் கொடி நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் உயரமான கம்பம் வேண்டும். இரும்பு விற்கிற விலையை வெல்டரிடம் கேட்க வேண்டியதில்லை. விடுதிக்காரர் இந்த வாரம் மட்டும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"நான் அந்த சுவத்தப் படிக்காமலே இருந்திருக்கலாம்" என்றார் வெல்டர்.

"முழுசாப் படிச்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் டிரைவர் அண்ணன் வந்தார். கம்பத்தை அறுத்துத் தர வேண்டும், கெடு நெருங்குகிறது என்றார். வெல்டருக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். நட்டதுக்கே காசு வரவில்லை, அறுப்பதற்கு யார் தருவது என்று கேட்டார். நிற்காத கம்பத்துக்கு முழுப் பணம் எப்படித் தருவது என்று அண்ணன் இழுத்தார். பேச்சு தடித்தது. உங்கள் துணி காயாததால்தான் எங்கள் துணி காயவில்லை என்று வெல்டர் சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து வந்த அவள் கையில் சோப்பு நுரை. "அண்ணே, அந்தக் கம்பத்த எங்களுக்குக் குடுத்துடுங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சங்கக் கொடி ஏறுன கம்பம்மா. அதுல பெட்ஷீட்டா?"

"கொடிக்கம்பம்தானே அண்ணே. கொடிதான் கட்டப்போறேன்."

அண்ணன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையசைத்தார். வெல்டர் விடவில்லை. பழைய இரும்பு பாதிப் பாக்கிக்குத்தான் ஆகும், மீதி நிற்கிறது என்றார். மனைவி முறைத்தாள். அண்ணன் "நிக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெல்டர் கம்பத்தை அடியில் அறுத்துச் சாய்த்து, குழிக்குள் போனது போக மேலே பத்தடி நிற்கும்படி இரண்டாக்கினார். தன் கையால் பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. கொல்லையில் குழி தோண்ட டிரைவர் அண்ணனே கடப்பாரையோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கப்பியை அவரே எண்ணெய் போட்டுத் துடைத்தார். இரண்டு பேரும் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார்கள். பிடி, தூக்கு, விடு. கொக்கி மோதும் இடத்தில் வெல்டர் பழைய துணியைச் சுற்றி இறுக்கினார்.

கான்கிரீட் இறுகிய பிறகு அவள் கயிற்றை இழுத்தாள். விரிப்புகள் சுவரைத் தாண்டி ஏறின. நாலு கொடிதான் கட்ட முடிந்தது. ஒரு விடுதியின் துணிக்குப் போதும், மற்றதுக்குப் போதாது. அவள் விரிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வெல்டருக்கும் நிலைகொள்ளவில்லை. முடிச்சை ஆட்டிப் பார்த்தார், இன்னொரு முறை ஆட்டினார்.

பக்கச் சுவருக்கு மேல், ஸ்டூல் போட்டு ஏறி நின்ற டிரைவர் அண்ணன் தலை தெரிந்தது. கையில் மடித்த சங்கக் கொடி.

"ஒரு ஓரமா இதையும் போடலாமாம்மா? நிஜமாவே துவைச்சதுதான். தண்ணி சொட்டுது பாரு."

அவள் வாங்கிப் பிழிந்து பார்த்தாள். கடைசிக் கொடியின் நுனியில் போட்டு இரண்டு கிளிப்பை மாட்டினாள். "காஞ்சதும் எடுத்துட்டுப் போயிடணும்."

அண்ணன் போகாமல் நின்றார். "அந்த மீதிப் பாக்கி தம்பி..."

வெல்டர் கயிற்றை இழுத்தார். கொக்கி கம்பத்தில் மோதியது. சத்தம் வரவில்லை.

"கம்பத்தோட சேத்து அதையும் அறுத்தாச்சுண்ணே" என்றார்.