பரந்தாமன் போட்ட கோல்

படையல் போட்டுக் கற்பூரம் காட்டிய கையோடு பார்வதம் கஜபதியின் பக்கம் திரும்பினாள்.

"அந்த கோல் கதைய சொல்லு நைனா. எங்க அண்ணி கேட்டதே இல்ல."

பார்வதத்தின் மகன் பரந்தாமன் செத்து இது இரண்டாம் வருஷம். போன வருஷத் திதிக்கு அவனும் கஜபதியும் ஆடிய பந்தாட்ட டீமே திரண்டு வெள்ளானூருக்கு வந்து சாப்பிட்டுப் போனது. இந்த முறை கஜபதி ஒருத்தன்தான். மற்றவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம், அவனுக்கே வர இஷ்டமில்லை.

படத்துக்கு முன்னால் இலையில் வடையும் கருவாட்டுக் குழம்பும். பக்கத்தில் பரந்தாமனின் பந்தாட்ட பூட்ஸ். சண்டை நடக்கிற யாழ்ப்பாணத்துக்குப் பட்டாளத்தோடு போனபோது அதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், பைத்தியக்காரன். அங்கே யாரோடு ஆட நினைத்தானோ! எண்பத்தேழில் அவன் அங்கேயே செத்து, அவனுடைய சாமான் பெட்டி வீட்டுக்கு வந்தபோது உள்ளே அந்த பூட்ஸ் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஆவடி மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆட்டக்காரர்களைப் பொறுக்கினார்கள். "துப்பாக்கியெல்லாம் சும்மா பேருக்கு மச்சான், வருஷம் பூரா மேட்ச்சுதான்" என்றான் பரந்தாமன். கஜபதியும் நம்பினான். ஆளுக்கு மூன்று பெனால்டி, ஒன்றாவது கோலானால்தான் எடுப்பார்கள். கோல் காக்கத் தொழிற்சாலை டீமிலிருந்து கஜபதியைக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

பரந்தாமனின் முதல் உதை கம்பத்தில் பட்டுப் போனது. இரண்டாவதைக் கஜபதி பழக்கதோஷத்தில் பிடித்துத் தொலைத்தான். மூன்றாவதற்குப் பந்தை வைக்கும்போது பரந்தாமன் அவனை ஒரு பார்வை பார்த்தான். வீட்டில் அப்பா இல்லை, நிலம் போய்விட்டது, வயது இருபத்திரண்டு, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

பரந்தாமனின் இடது கால் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ பந்து அந்தப் பக்கம்தான் வரும். ஐந்து வருஷம் கூட ஆடிய கஜபதிக்கு இது அத்துப்படி. அன்று நுனி கஜபதியின் வலப்பக்கம் பார்த்தது. கஜபதி இடப்பக்கம் பாய்ந்தான்.

வேலை கிடைத்தது. பரந்தாமன் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தான். ரெஜிமெண்ட் டீமில் ஒரே ஒரு சீசன் ஆடினான். பிறகு இலங்கைக்குக் கப்பலேற்றி விட்டார்கள். அமைதிப்படை என்றுதான் பேர். அந்தப் பேரை நம்பி பார்வதம்கூடப் பயப்படாமல் இருந்தாள்.

"சொல்லேன்டா" என்றாள் இப்போது. பிறகு அவளே அண்ணியிடம் ஆரம்பித்தாள். "இவன மாதிரி கோல்கீப்பரு இந்த ஏரியாலயே கிடையாது அண்ணி. இவனாலயே புடிக்க முடிலன்னா எம்புள்ள இன்னா அடி அடிச்சிருப்பான்னு பாத்துக்கோ."

பெருமையில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருநாள் அவளுக்குக் கிடைக்கிற சந்தோஷம் அது ஒன்றுதான். அதைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்று கஜபதிக்குத் தெரியும். ஆனாலும் பொய்யாகவே இன்னும் எத்தனை திதி சாப்பிடுவது?

"நான்தாம்மா வுட்டுட்டேன்."

"இன்னாத்த வுட்ட?"

"பந்த. அவன் எந்தாண்ட அடிப்பான்னு எனக்குத் தெரியும்மா. வேலை கெடைக்கட்டுமேன்னு வேணும்னே இந்தாண்ட பாஞ்சேன்."

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டாள். பார்வதம் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் தலையைக் குனிந்தான். அவள் பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேகமா வந்துச்சா?" என்றாள்.

"இல்லம்மா. அன்னிக்கு அவன் கால்ல தெம்பே இல்ல. எட்டிப் புடிக்கிற தூரம்தான்."

"அப்ப புடிச்சிருக்கலாமேடா" என்றாள் பார்வதம்.