உங்கள் செய்தி கிடைத்தது

1

வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு ஃபில்டர் தேவைப்பட்டது. ஒரு கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: ‘வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் பேசுகிறோம்.’ கீழே ஒரு மீன் பொம்மை. யாரோ என் செய்தியைப் படித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்த வேகத்தில் எந்த மனிதராலும் தட்டச்சு செய்ய முடியாது. கடையைப் பூட்டிக்கொண்டு அவர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தாலும் அந்தப் பதில் வந்திருக்கும்.

நான் அனுப்பியது ஒரு சாதாரணக் கேள்வி. அந்த மாதிரி ஒரு எண்ணுக்கு ஒரு நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் என்ன ஆகும்? கதை இந்தக் கேள்வியில் பிறந்தது. மற்றதெல்லாம் கற்பனை. (இதில் வரும் நீதிமன்றத்தை யாரும் தேட வேண்டாம். அதற்கு நான் இன்னும் மாடிப்படிகூடக் கட்டவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

‘நீதிமன்ற வளாகத்தின் புழுதியில் கறுப்புக் கோட்டுகள் அங்குமிங்கும்’

இல்லை. இந்தக் கதையில் யாரும் நீதிமன்றத்துக்குப் போவதே கிடையாது.

இரண்டாவது:

‘கண்ணாடித் தொட்டியில் மீன்கள் அமைதியாக நீந்தின. ஆனால் ஹஃபீசாவின் மனமோ’

இதுவும் வேண்டாம். மீனையும் மனத்தையும் அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவது வாக்கியத்தில் சிறை வந்துவிடும்.

நேராகவே சொல்கிறேன். ஹஃபீசா இரும்புலியூரில் கலர் மீன் கடை வைத்திருக்கிறாள். கணவன் அயூப் கொளத்தூர் போய் மீன் எடுத்து வருவான். விற்பது, தொட்டி கழுவுவது, போன வாரம் வாங்கிய மீன் ஏன் செத்தது என்று பொறுமையாக விளக்குவது எல்லாம் அவள் வேலை. கட்டடம் தசரதனுடையது. அவர் குடும்பம் அங்கே நெல் விளைந்த காலத்திலிருந்து இருக்கிறது; இப்போது கடைகள் விளைகின்றன. மகளுக்குப் பிசியோதெரபி நிலையம் வைத்துத்தர அந்த இடம் வேண்டும் என்றார். ஹஃபீசா மறுத்தாள். மளிகைக் கடையை இடம் மாற்றுவது போல மீன் கடையை மாற்ற முடியாது. புதுத் தொட்டியில் தண்ணீர் பழகவே வாரக்கணக்காகும். அவசரப்பட்டால் பாதி மீன் மிதக்கும். தசரதன் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

3

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓர் அழைப்பாணை எப்படி வந்து சேர்கிறது?

பழைய முறையில் ஊழியர் காகிதத்தோடு வருவார், கதவைத் தட்டுவார், கையெழுத்து வாங்குவார். என் நீதிமன்றம் தபாலும் அனுப்பும், வாட்ஸ்அப்பும் அனுப்பும். தபால், வாடகை ஒப்பந்தத்தில் இருந்த, அவர்கள் முன்பு குடியிருந்த ஊரப்பாக்கம் வீட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டது. வாட்ஸ்அப் செய்தி கடை போனுக்குப் போனது. ஒற்றை டிக் விழுந்தால் செய்தி கிளம்பிவிட்டது. இரட்டை டிக் என்றால் போனை அடைந்துவிட்டது. அது நீலமானால் யாரோ திறந்திருக்கிறார்கள். யார் என்பது டிக்குக்குத் தெரியாது. அதனால்தான் டிக்கை வைத்து வக்கீல்கள் மணிக்கணக்காக வாதாட முடிகிறது.

இங்கே வாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. டிக்குக்கும் மேலாக, ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று எழுத்தில் ஒரு பதில் வந்தது, கீழே ஒரு மீன் பொம்மையோடு. வியாபார வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் போகும் வசதியை ஹஃபீசாவே அமைத்திருந்தாள். ஊழியர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘அறிவிப்பு கிடைத்ததாக எதிர்மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார்’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார். மீன் பொம்மையும் கோப்பில் ஏறியது. குறித்த நாளில் ஹஃபீசா வரவில்லை. அவள் தரப்பைக் கேட்காமலே, கடையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது.

(ஊழியரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஃபில்டர் விஷயத்தில் நானும் நம்பியவன்தான்.)

4

விஷயம் அவளுக்குத் தெரியவந்த விதம்: காலை நடை முடித்த தசரதன் கடை வாசலில் நின்றார்.

“இன்னாம்மா, எப்போ காலி பண்ணப் போற? கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க.”

“எந்தக் கோர்ட்டுண்ணா?”

“நோட்டீஸ் கெடச்சுதுன்னு நீதான பதில் போட்டுக்கிற. மீன் பொம்மைலாம் வெச்சு.”

“அது நான் போடலண்ணா. போனே போட்டுது.”

“நல்லாக் கீதே. கட நீ நடத்துற, பதில் மட்டும் போன் போடுதா?”

அயூப் உதவிக்கு வந்தான். “அண்ணா, அது மிஷினு. நீங்க நடுராத்திரில ஹாய்னு போட்டாலும் அதேதான் சொல்லும்.”

“நான் ஏம்பா நடுராத்திரில உன் பொண்டாட்டி போனுக்கு ஹாய் போடப் போறேன்?”

அயூப் மீன் வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

(முதல் வரைவில் தசரதன் கழுத்தில் தடிமனான சங்கிலி போட்டிருந்தேன். பிறகு கழற்றிவிட்டேன். அவர் மகள் யாரோ ஒருவருடைய நிலையத்தில் சம்பளத்துக்கு நிற்கிறாள். அவர் கேட்பது தன் இடத்தைத்தான்.)

5

இயந்திரம் பதில் சொன்னது, மனுஷிக்கு எதுவும் தெரியாது, பாவம். இப்படியே விட்டிருந்தால் வேலை சுலபம். ஆனால் அந்த டிக் நீலமாகியிருந்தது. கடை போனைத் திறப்பவள் ஹஃபீசா ஒருத்திதான்.

ஆமாம், அவள் பார்த்தாள். முத்திரை, வழக்கு எண், ‘ஆஜராகத் தவறினால்’ என்று மிரட்டும் ஒரு வரி, கீழே ஒரு பி.டி.எஃப். பொய் முத்திரையைக் காட்டி, வீடியோவிலேயே கைது செய்கிறோம் என்று பயமுறுத்திப் பறிக்கும் கும்பல்களும் இதையேதான் அனுப்புகின்றன. தெரியாத கோப்பைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஹஃபீசா எச்சரிக்கையை மதிப்பவள். பி.டி.எஃப்.பைத் தொடவில்லை. அந்த எண்ணைத் தடுத்தாள். அதோடு நிற்காமல், செய்தியைப் படம் எடுத்துத் தெரு வியாபாரிகளின் குழுவில் போட்டு, குரலிலும் சொன்னாள்:

“எல்லாரும் உஷாரா இருங்க. கோர்ட்டுல இருந்து வர்ற மாதிரியே ஒண்ணு வருது. தொடாதீங்க, ஃபுல்லா டுபாக்கூர்.”

கட்டட உரிமையாளர்களையும் குழுவில் சேர்த்துக்கொள்வது அந்தத் தெரு வழக்கம். அவள் எச்சரிக்கைக்குக் கீழே முதல் ஆளாகக் கட்டைவிரல் உயர்த்தியவர் தசரதன்.

(அவர் எதற்கும் கட்டைவிரல் போடுவார். நாளை தண்ணீர் வராது என்றால் கட்டைவிரல். இன்னார் காலமானார் என்றாலும் கட்டைவிரல். படிக்காமலே போடுகிறாரா என்று நானே அவரைக் கேட்கவில்லை.)

6

தாம்பரத்தில் வக்கீல் சுபத்ராவின் அலுவலகம். ஆணையை ரத்து செய்யக் கோரும் மனுவை அவர் தயாரித்திருந்தார்.

“ஆட்டோ ரிப்ளை. அது ஒண்ணு போதும். நீங்க பார்த்ததப் பத்தி நாம பேசவே வேணாம்.”

அயூப் தன் போனில் வியாபாரிகள் குழுவைத் திறந்து நீட்டினான். “ஓனரே கட்ட வெரல் போட்டிருக்காரு மேடம். டுபாக்கூர்னு அவரே ஒத்துக்கிட்டாரு. இத காட்டலாமே?”

“காட்டலாம். காட்டினா, உங்க வைஃப் நோட்டீஸப் பார்த்தாங்கன்னு நாமளே ப்ரூவ் பண்ண மாதிரி.”

“அப்ப அழிச்சிரவா?”

“அழிக்கவும் கூடாது சார். சும்மா இருங்க.”

ஹஃபீசா கேட்டாள். “ஜட்ஜு நேரா எங்கிட்டயே கேட்டா?”

“கேக்க மாட்டாங்க.”

“கேட்டா, மேடம்?”

சுபத்ரா பேனாவை மூடி வைத்தார். “கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். மனு தள்ளுபடியானா அப்பீல் போலாம். அதுவரைக்கும் கட இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

எழுதிப் பார்த்த முடிவுகள் இவை.

ஹஃபீசா ‘பார்க்கவில்லை’ என்கிறாள். ஆணை ரத்தாகிறது. பழைய குரல் செய்தியை யார் தேடிக் கேட்கப்போகிறார்கள்? கடை பிழைக்கிறது. இதில் ஒரு குறைதான்: அதற்குப் பிறகு அந்தக் குழுவில் அவளால் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச முடியாது.

‘பார்த்தேன், போலி என்று நினைத்தேன்’ என்கிறாள். நீதிபதி புரிந்துகொள்ளலாம். அல்லது, நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைத் தட்டினால் உண்மையா பொய்யா என்று தெரிந்திருக்குமே, ஏன் தட்டவில்லை என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

மூன்றாவதில் தசரதன் மனம் மாறி

வேண்டாம்.

7

காணொலி விசாரணை. ஷட்டர் பாதி இறங்கிய கடைக்குள் ஹஃபீசா போனைத் தொட்டி மேல் சாய்த்து வைத்துக் காத்திருந்தாள். நீதிமன்ற ஊழியர் அனுமதித்த பிறகுதான் காணொலிக்குள் போக முடியும். கூட யாரும் இருந்து சொல்லித்தரவில்லை என்பதற்காக அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அயூப்பும் தெரிந்தான்; ‘கணவர், பேச மாட்டார்’ என்று பதிந்துகொண்டார்கள். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார்களின் இரைச்சல் கேட்கிறது என்றார்கள். அயூப் எல்லாவற்றையும் நிறுத்தினான். சுபத்ரா தன் சதுரத்திலிருந்து ஆட்டோ ரிப்ளை பற்றித் தெளிவாக வாதாடினார்.

நீதிபதி அம்மையார் கேட்டுக்கொண்டார். பிறகு, “ஹஃபீசா, பதில் போன் அனுப்பிச்சுது, சரி. அந்தச் செய்தியை நீங்க பார்த்தீங்களா?” என்றார்.

“பார்த்தேம்மா,” என்றாள். “ஏமாத்துக்காரங்கன்னு நெனச்சிட்டேன்.”

திரையில் எல்லா முகங்களும் அசையாமல் நின்றன. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு நீதிபதியின் தலை மட்டும் அசைந்தது.

“உங்க வாய்ஸ் கட்டாயிடுச்சும்மா. எதுவும் கேக்கல. திரும்பச் சொல்லுங்க.”

இது எப்படி வேலை செய்கிறது என்றால், சுருக்கெழுத்தர் காதில் விழுவது மட்டுமே பதிவாகும். முதல் பதிலைக் கேட்டது அயூப், நான், நீங்கள். நம் மூவருடைய சாட்சியும் செல்லாது. முதல் தடவை வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை சொல்வதற்கு முன்னால் கடையைச் சுற்றிப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கிறது. பார்க்கிறாள். சுபத்ரா தன் சதுரத்துக்குள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். சைகை எதுவும் செய்ய முடியாது. அயூப் சுவிட்சுப் பலகையில் கை வைத்தபடி அவள் முகத்தையே பார்க்கிறான். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து தண்ணீரின் விளிம்பில் வாயைத் திறந்து மூடுகின்றன.

ஹஃபீசா தொண்டையைச் செருமுகிறாள். அடுத்த வரியை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம், தொட்டிகளில் காற்று குறைகிறது.