விசில் ஊதிய பிறகு

பழனிசாமி அண்ணை நல்ல மனுசன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக அதைச் சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது.

எங்கள் கொம்பனியில் இரண்டே பேர். த பேசின் என்ற ஊரில் தன் வீட்டுக் கராஜில் அவர், ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு அப்பால் கிரான்பர்னில் சாப்பாட்டு மேசையில் நான். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த நாட்டு ஃபுட்போல் விளையாடும் டாக்கிள்களைப் படத்தில் பார்த்து, எவன் தொழில்முறை ஆட்டத்துக்குத் தாக்குப்பிடிப்பான் என்று அங்கேயுள்ள ஒரு கழகத்துக்கு அறிக்கை எழுதுகிறோம். டாக்கிள் என்பவன் வரிசையின் ஓரத்தில் நின்று, பந்தை எறிகிறவன் மீது பாய வருகிறவனை மறிக்கிற நூற்றைம்பது கிலோ ஆள். இதை நான் விளங்கப்படுத்தாத ஆள் இல்லை. தமிழ் ஆட்கள் “கிரிக்கெட் இல்லையா?” என்பார்கள். வெள்ளைக்காரர் இந்த ஊர்ப் பந்தாட்டத்தை நினைத்து “ஃபுட்டி இல்லையா?” என்பார்கள். என் மனுசன் கிறகோரி, “அவ வீட்டில இருந்து படம் பாக்கிறா” என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்.

அண்ணை டெக்சஸில் ஆறு வருசம் கணினி வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தில் பைத்தியமாகித் திரும்பியவர். நான் பதினொரு வருசம் பிசியோவாக முழங்கால்களோடும் இடுப்புகளோடும் மாரடித்தவள். முழங்கால் நோவென்று என்னிடம் வந்தவர்தான் அண்ணை. அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்தே எந்தக் கால், எத்தனை வருசம் என்று சொன்னேன். மனுசன் அன்றைக்கே என்னை வேலைக்குக் கேட்டார். நானும் இருந்த வேலையை விட்டேன், என் மூளையை என்ன சொல்ல!

போன வருசம் நாங்கள் சிபாரிசு செய்த பொடியன் நாலாவது ஆட்டத்தில் முழங்கால் கிழிந்து விழுந்தான். கழகத்தின் தலைமைத் தேர்வாளர் கிளிண்ட் கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் நமக்குள் கதை இல்லை என்று மட்டும் சொன்னார். ஆக, இந்த வருசம் பிழைத்தால் வேலை போச்சு.

இந்த வருசம் அவர்களுக்கு ஒரேயொரு இடதுபக்க டாக்கிள் வேண்டும், அதுவும் கழகங்கள் முறைவைத்துக் கல்லூரிப் பொடியன்களை எடுக்கிற தெரிவின் முதல் சுற்றிலேயே. கடைசி மூன்று பேரில் நான் முதலாவதாக எழுதியது டாரன் என்ற பொடியனை. கை கொஞ்சம் கட்டை என்று எல்லாரும் அவனைத் தள்ளி வைத்திருந்தார்கள். எனக்கென்றால் அவன் கால்கள் அப்படிப் பிடித்துப் போயின. பின்னுக்குப் போகும்போது அந்த உடம்புக்கு நிலத்தில் சத்தமே கேட்காது. மூன்று மாதமாக அவனுக்காக அண்ணையோடும் கிளிண்டோடும் சண்டை பிடித்திருக்கிறேன்.

அறிக்கை எங்கள் வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குள் போக வேண்டும். அங்கே அப்போது இரவு ஒரு மணி. கிளிண்ட் பட்டியலைப் பலகையில் குத்தி, அறையைப் பூட்டிப் போய்விடுவார். அதற்குப் பிறகு மின்னஞ்சல் வந்தாலும் திறக்கமாட்டார், அது அவருடைய பிடிவாதம். அறிக்கையையும் ஒருமுறைதான் ஏற்றலாம், ஏற்றினால் பூட்டிக்கொள்ளும்.

எனக்கு ஒரு விசயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கழகங்கள் தரும் படங்களில் ஆட்டம் தொடங்கும் நொடியிலிருந்து விசில் ஊதும்வரைதான் இருக்கும், மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். ஒரு காலின் உண்மை விசிலுக்குப் பிறகுதான் தெரியும். எழும்பும்போது, நடக்கும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போது. அதனால் வெட்டாத படம் ஒன்று வேண்டுமென்று மூன்று கிழமையாக அந்தக் கல்லூரிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வந்தது எப்போது? அதே வியாழன் காலை பத்து மணிக்கு!

கணினிக்கு மேலே ஒட்டியிருக்கும் மடு மாதாவைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுவிட்டுத் தொடங்கினேன். முதல் பாதி முழுக்க ஒன்றுமில்லை. கடைசிக் கால்பகுதியில் டாரன் விழுந்தான். எழும்பும்போது வலது காலை ஊன்றி, இடது தொடையில் கையை அழுத்தி எழும்பினான். சரி, களைப்பு. அடுத்த முறையும் அப்படி. அதற்கடுத்த முறையும் அப்படி. பிறகு திடலோரத்து மேடைப் படியில் இறங்கினான், ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்து. பதினொரு வருசம் நோயாளிகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே அதுதான், இறங்கும்போது நோகிற கால் முதலில். இவனுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முழங்காலில் எதையோ ஒளித்து விளையாடுகிறான்.

மணி ஒன்று இருபத்தைந்து. உடனே அண்ணைக்கு அடித்தேன்.

“அண்ணை, அனுப்பிப்போடாதேங்கோ! டாரனை மூண்டாவதாப் போடவேணும்.”

“அனுப்பியாச்சுங்களே,” என்றார், பாயசம் குடித்தவர்மாதிரி. “ஒண்ணு இருபதுக்கே ஏத்திட்டனுங்க.”

“மூண்டு மணி மட்டும் நேரம் கிடக்கல்லோ!”

“ஒண்ணரைக்கு ராகு காலம் பொறந்துருமுங்க. முடியறதே மூணு மணிக்குத்தான். அதுக்குள்ள எப்படிங்க அனுப்பறது?”

மூன்று மாத உழைப்பு, என் வேலை, எல்லாம் ராகு காலத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறது.

“சரி. கிளிண்டுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்கோ.”

“இப்பவா? மணி ஒண்ணு இருபத்தெட்டுங்க. நான் நம்பர் எடுத்துப் பேசறதுக்குள்ள ராகு காலம் வந்துரும். மூணு அடிச்சதும் மொத வேலையாப் பேசிடறேன்.”

“மூண்டு மணிக்கு அந்தாள் பூட்டிப்போட்டுப் போயிடும்! என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? அவரின்ர நம்பரை எனக்குத் தாங்கோ!”

“கோயிலுக்குள்ள வந்துட்டனுங்க. வெச்சரட்டுமா?” என்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் போன் நிறுத்தியிருக்கிறது.

காரை எடுத்தேன். கிரான்பர்னிலிருந்து த பேசினுக்கு வழியெல்லாம் வீதி வேலை. ஒரு செம்மஞ்சள் தொப்பிக்காரன் நிறுத்தற் பலகையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். கடவுளே, எனக்கு வந்த விசருக்கு அளவில்லை.

இரண்டு முப்பத்தைந்துக்குப் பிள்ளையார் கோயிலடியில் போய் நிறுத்தினேன். அண்ணை வெளியே மரவாங்கில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, மடியில் பிரசாதப் பொட்டலத்தோடு இருந்தார்.

“வாங்க வாங்க. இன்னிக்குக் காலைல டாரன் பேர்ல அர்ச்சனை பண்ணினனுங்க. ஐயர் நட்சத்திரம் கேட்டார். பொறந்த தேதிய வெச்சுக் கண்டுபுடிச்சுச் சொன்னேன், திருவோணம்!”

“அவனுக்கு முழங்கால் பழுது, அண்ணை.”

அவர் கையில் எடுத்த சுண்டல் அப்படியே நின்றது. படியில் இறங்கியதை நான் நடித்தே காட்டினேன், கோயில் படியில், இடது காலை வைத்து வைத்து. அண்ணை தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் சொல்லிக் கொடுத்து அவரும் அப்படித்தானே இறங்குகிறார்.

“போனைத் தாங்கோ.”

“ராகு காலமுங்க…”

“நான் வேதக்காரி, அண்ணை! எனக்கு உங்கட ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. தாங்கோ!”

தந்தார். தந்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றார், தான் பார்க்காவிட்டால் கணக்கில்லை என்பதுபோல.

கிளிண்ட் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் பிழை விட்டுவிட்டேன், டாரனைக் கடைசிக்கு இறக்குங்கள், இடது முழங்கால் என்றேன். மூன்று மாதமாக இவனுக்காக என்னோடு சண்டை பிடித்தது நீங்கள்தானே என்று கேட்டார். ஓம், நான்தான், இப்போது மாற்றிச் சொல்வதும் நான்தான் என்றேன். விடிந்ததும் கல்லூரி வைத்தியரைப் பிடிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். வைத்தியரிடம் கேட்டால் விசயம் ஒரு கழகத்தோடு நிற்காது என்று எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தொலைக்காட்சியில் தெரிவு தொடங்கியது. பதினொன்றேகாலுக்கு எங்கள் கழகம் வேறொரு டாக்கிளை எடுத்தது. அண்ணையிடமிருந்து மூச்சில்லை. பன்னிரண்டு ஒன்றுக்குப் போன் வந்தது.

“வெள்ளிக்கெழம ராகு காலம் இப்பத்தான் முடிஞ்சுதுங்க, அதான் லேட்டு. கிளிண்ட் பதினொண்ணரைக்கே கூப்பிட்டார். முழங்கால் நீங்க சொன்னாப்பலயேதான். இன்னும் மூணு வருசத்துக்கு அவங்க வேலை நமக்குத்தானுங்க!”

அரை மணித்தியாலம் என்னைப் பதைக்கவிட்டதற்கு அவரைத் திட்ட வேண்டும். ஆனால் தொலைக்காட்சியில் டாரனின் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூடம் நிறையச் சனம், பலூன், பெரிய கேக். புதுக் கோட்டும் சூட்டுமாக நடுவில் அவன். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்கச் சனம் கைதட்டுவதை விட்டது. கேக்கை யாரோ உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணிபோல முதல் சுற்று முடிந்தது. அவன் பெயர் வரவில்லை.

“நாசமறுந்த கண்,” என்று என்னையே திட்டினேன். பக்கத்தில் கிறகோரி திரும்பிப் பார்த்தார். “உன்ர வேலை தப்பிட்டுதெல்லோ, ஏன் அழுகிறாய்?” என்றார். இந்த மனுசனுக்கு எதைச் சொல்லி எதை விளங்கப்படுத்துவது?

டாரன் எழும்பி வெளியே போனான். கமெரா விடாமல் பின்னால் போனது. வாசலில் நாலு படி. கைபிடியைப் பிடித்தான். பின்னாலிருந்து அவன் தாய் ஓடிவந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே அவன் இடப்பக்கம் போய் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அவன் இடது காலை முதலில் வைத்தான்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை, நான் திறந்துவிட்டேன்.