கண்மாய்க்குள் நின்ற புள்ளி

அருப்புக்கோட்டை பஜாரில் சுல்தான் பாயின் பைக் சாமான் கடையில் அன்றைக்கு நடந்ததைப் பார்த்தவர்கள், விஜயபாண்டி கருவி வாங்க வந்ததாக நினைத்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறான் என்றே நினைத்திருப்பார்கள். வழிகாட்டும் ஜிபிஎஸ் மிஷின்கள் மூன்றைக் கண்ணாடி மேசைமேல் உட்கார வைத்து, குலதெய்வம் எது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருந்தான்.

“மழ பெஞ்சா தாங்குமா பாய்?”

“கெணத்துல போட்டு எடுத்தாலும் பேசும் மாப்ள.”

“நம்ம பக்கம் மழ எங்க பெய்யுது? வெயிலு தாங்குமான்னு கேளுங்க” என்றாள் யுவராணி. விஜயபாண்டியின் மனைவி. வண்டி ஓட்டுகிறவளும் அவள்தான்.

அவன் கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் வேலை பார்க்கிறான். பங்குனிப் பொங்கலுக்கு லீவில் வந்திருந்தான். அவன் விட்டுப்போன பைக்கில்தான் அவள் ஊர் ஊராகப் போய், அரசாங்க ஆஸ்பத்திரி சார்பில் வீடு தேடி பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறாள். முதன்முதலில் அவள் அந்த பைக்கை ஓட்டிய நாளில் அவர்களுடைய பரளச்சியில் பாதி ஊர் வேலைக்குப் போகவில்லை; மீதிப் பாதி வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

கைப்பேசியில் வழி பார்த்தால் ஆகாதா என்றால், அந்த வெயிலில் ஆகாது. ஹேண்டில்பாரில் மாட்டினால் முதல் மைலில் சுடும், இரண்டாவது மைலில் அணையும், மூன்றாவது மைலில் அதன்மேல் தோசை வார்க்கலாம். அப்படித்தான் மாசி மாதம் ஒருநாள் போன் செத்து, சீமைக்கருவேலங்காட்டுக்குள் திருச்சுழி ரோடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பொழுது சாயும்வரை சுற்றினாள். அந்தக் காட்டில் எல்லாத் திருப்பமும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதைக் கேட்ட விஜயபாண்டி, லீவில் வந்ததும் முதல் வேலையாக இங்கே கூட்டி வந்துவிட்டான்.

முதல் மிஷின் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது; கையுறை போட்ட விரலுக்கும் கட்டுப்பட்டது. “பழைய மாடலு. செயற்கைக்கோளைப் பாத்து வழி மட்டும் காட்டும், வேற ஒன்னுந் தெரியாது” என்றார் பாய். விஜயபாண்டி தள்ளி வைத்தான். இரண்டாவது, வண்டிச் சத்தத்தில் குரல் கேட்காதபடி முணுமுணுத்தது. மூன்றாவதன் முதுகில் சிம் போடும் இடம் இருந்தது. விஜயபாண்டியின் கண் அங்கேயே நின்றது.

“இதுக்கு எதுக்குங்க சிம்மு?” என்றாள் யுவராணி.

“மேப்பு புதுசாகிட்டே இருக்கும்ல, அதுக்கு. நீ போயி எதுத்த கடையில ஒரு சர்பத்து குடி. வெயிலுல நிக்காத.”

அவள் சர்பத் குடித்துவிட்டு வரும்போது அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். சுல்தான் பாய் அவளை நிமிர்ந்து பார்க்காமல், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். அவள் கவனிக்கவில்லை. மனசு நிறைந்திருந்தது. பிறந்த வீட்டில் அவளுக்கென்று யாரும் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. அண்ணன் வேண்டாமென்றது அவளுக்கு வரும். தனக்காக ஒரு ஆள் கடையில் நின்று இத்தனை கேள்வி கேட்டதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு பைக்கில் ஏறிய அந்த மூன்றாவது மிஷினுக்கு வாழ்வுதான். தினமும் துடைப்பாள். ஹெல்மெட்டுக்குள் அந்த மிஷின்காரி பேசும் சுத்தத் தமிழைக் கேட்டால் தமிழய்யாவே எழுந்து நிற்பார். ஆட்டு மந்தைக்கு நடுவே மாட்டி நிற்கும்போதும் அவள் அலட்டிக்கொள்ளாமல் “நேராகச் செல்லவும்” என்பாள்.

வெயில் காலத்தில் பரளச்சிக்காரர்கள் யாரும் ரோட்டைச் சுற்றிப் போவதில்லை. வறண்ட கண்மாய்க்குள் இறங்கிக் குறுக்கே போய்விடுவார்கள். யுவராணியும் அப்படித்தான். மிஷினோ அந்த இடத்தை நீல நிறமாகக் காட்டும். அவளுடைய பைக் நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்.

அந்தக் கண்மாயின் கருவேலங்காட்டுக்குள்தான் இந்த வருஷம் சாயல்குடிப் பக்கமிருந்து வந்த சில குடும்பங்கள், விறகைப் புகையவிட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டிருந்தன. எந்த ஊர்ப் பதிவிலும் இல்லாத சனங்கள். அதில் மூக்கம்மாள் என்கிறவள் மூட்டத்தின் ஓரத்தில் ஒருநாள் தலைசுற்றி விழ, வழியில் போன யுவராணி இறங்கிப் பார்த்தாள். அந்த பிரஷர் சோற்றுப்பானையில் ஏறியிருந்தால் மூடி மதுரையில் போய் விழுந்திருக்கும். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி மருந்துக்கு ஏற்பாடு செய்தாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் தன் மதியச் சாப்பாட்டு நேரத்தை அங்கே கழித்தாள். அங்கே இருந்த எல்லோருக்கும் பிரஷர் பார்த்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்துவிட்டுப் போவாள்.

மிஷினைக் காட்டியபோது மூக்கம்மாள் சிரித்தாள். “அட, தண்ணிக்குள்ளயா நிக்கிறோம்? மழ நெறைக்காத கம்மாய இந்த மிசினு நெறச்சிருச்சு பாருத்தா.”

சாயங்காலம் விஜயபாண்டி போன் பண்ணுவான்.

“இன்னைக்கு திருச்சுழி ரோட்டுல ரொம்ப நேரம் நின்னியோ?”

“ஆமாங்க, செயினு கழண்டுருச்சு. எப்படித் தெரியும்?”

“மனசு சொல்லுச்சு.”

அவள் பூரித்துப் போனாள். மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும், “எங்க வீட்டுக்காரருக்கு மனசுலயே டவரு இருக்கு” என்று பெருமை பேசினாள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறியதே அந்தப் பேச்சால்தான் என்று சொல்வோரும் உண்டு.

அக்கினி நட்சத்திரம் முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை. யுவராணி மூக்கம்மாளின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அப்போது முள்ளைக் கிழித்துக்கொண்டு ஒரு உருவம் வெளியே வந்தது. சட்டை கிழிந்து, ஒரு கால் செருப்பில்லாமல், நாக்கு ஒன்றைத் தவிர முள் குத்தாத இடமே இல்லாமல், கோயம்புத்தூரில் இருக்க வேண்டிய விஜயபாண்டி நின்றான். பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவன், கரி படிந்த முகங்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் திறந்த வாயை மூடவில்லை.

“என்னங்க, எப்ப வந்தீக? சொல்லவே இல்ல” என்று எழுந்தாள் யுவராணி. முகமெல்லாம் சிரிப்பு.

மூக்கம்மாள்தான் யதார்த்தமாகக் கேட்டாள். “ஏத்தா, தம்பி எப்படி வழி கண்டுச்சு? லோடு ஏத்த வார லாரிக்காரனே ரோட்டுல நின்னுக்கிட்டு போனு போடுவான். நாங்க ஆளனுப்பித்தான் கூட்டியாருவோம்.”

யுவராணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அதான. இந்த எடத்துக்குப் பேரே கெடையாது. யார்ட்ட என்னன்னு கேட்டு வந்தீக?”

அவன் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். அவள் போய் வாங்கினாள். அவளுடைய பைக்கில் தெரிந்த அதே நீலக் கண்மாய். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது அவள்தான். கீழே, அந்தப் புள்ளியைப் பார்ப்பவர்கள் என்று இரண்டு பெயர்கள். ஒன்று விஜயபாண்டி. இன்னொன்று சதீஸ்குமார், அவனுடைய தம்பி. தினம் அவள் கையால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, “மதினி, கொஞ்சம் ரசம்” என்கிறவன்.

“சதீஸு எதுக்கு இதுல?”

“நான் வேலையில இருக்கையில போனு லாக்கருல இருக்கும்... அதான் தம்பியப் பாத்துக்கச் சொன்னேன்.”

“ஷிப்டு போட்டுப் பாத்தீகளா?”

அவன் தலை குனிந்தான். “அப்படியில்ல ராணி. வாராவாரம் புள்ளி கம்மாக்குள்ள ஒரு மணி நேரம் நின்னுச்சு. காட்டுக்குள்ள என்ன சோலின்னு தம்பிதான்...”

“போன வாரம் போனுல சொன்னேன்ல. கம்மாக்குள்ள கரிமூட்டத்துல ஒரு அக்காவுக்குப் பிரஷரு, செவ்வாக்கெழம செவ்வாக்கெழம போறேன்னு. நீங்களும் உம் கொட்டுனீக.”

“கவனிக்கல.”

“எதக் கவனிச்சுக்கிட்டு இருந்தீக?”

அவன் கண் அவள் கையிலிருந்த கைப்பேசிக்குப் போனது. போன வாரம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனசு சொன்னது என்று அவன் சொன்ன ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அதைவிடச் சுட்டது. அந்த மிஷினை முந்தானையால் துடைத்த கையைப் பார்த்துக்கொண்டாள். கத்தவில்லை. வரிசையில் மீதி இருந்தவர்களுக்கெல்லாம் பிரஷர் பார்த்தாள். மூக்கம்மாளுக்கு இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் பைக்கை எடுத்தாள். அவன் பின்னால் ஏறிக்கொண்டான். அருப்புக்கோட்டை வரை பேசிக்கொண்டு வந்தவள் மிஷின்காரி மட்டுந்தான்.

சுல்தான் பாய் கடையில் மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“அன்னைக்கு என்னய சர்பத்து குடிக்க அனுப்பிட்டு என்ன பாய் செஞ்சீக?”

பாய் விஜயபாண்டியைப் பார்த்தார், பிறகு கடைக்கு வெளியே பார்த்தார். “மாப்ள போனுல அந்தப் புள்ளி காட்டுறத ஏத்தி விட்டேன் தங்கச்சி. புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல நமக்கென்ன, யாவாரத்தப் பாப்போம்னு...”

“ரெண்டு பேருக்கு நடுவுலதான பாய் நீங்க அத வச்சீக.”

“உனக்கு ஒன்னு ஆயிரக் கூடாதுன்னுதான் ராணி” என்றான் விஜயபாண்டி.

“பயமா இருக்கு, மாட்டுறேன்னு சொல்லியிருந்தா நானே தெனம் சார்ஜு போட்டு வச்சிருப்பேன். எனக்குத் தெரியாம மாட்டுனீகள்ல, அப்பவே அது எனக்காக இல்ல.” பிறகு பாயிடம் திரும்பினாள். “இத எடுத்துக்கிட்டு அந்தப் பழைய மாடலக் குடுங்க.”

“அதுக்கு ஒன்னுந் தெரியாதே தங்கச்சி.”

“வழி தெரியுமா?”

“அது தெரியும்.”

“நான் எங்க இருக்கேன்னு யாருக்காச்சும் போயிச் சொல்லுமா?”

“சொல்லாது. உன்கூட மட்டுந்தான் பேசும்.”

“அது போதும்.”

பாய் அதை ஹேண்டில்பாரில் மாட்டி, ஒவ்வொரு பொத்தானையும் அவளுக்கு அழுத்திக் காட்டினார். மாட்டி முடித்தும் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. “அந்த சிம்மு போட்ட சாமானுல எத்தனையோ வித்துட்டேன் மாப்ள. பொண்டாட்டிக்கு, மகளுக்கு, தங்கச்சிக்குன்னு வாங்கிட்டுப் போறாக. ஓட்டுறவுககிட்ட ஒரு வார்த்த நான் சொன்னதில்ல. இனிமே அவுக கையில தொறந்து காட்டாம ஒன்னு விக்க மாட்டேன். அக்கறையின்னு பேரு வச்சாலும், ஒருத்தருக்குத் தெரியாம அவுகள வேவு பாக்கிறது துரோகந்தான். அதுக்கு மிஷினு வித்த எனக்கும் அதுல பங்கு இருக்கு.”

விஜயபாண்டி அங்கேயே கைப்பேசியைத் திறந்து அந்தச் செயலியை அழித்தான். “எங்க போறன்னு உன்கிட்டக் கேட்டிருந்தாலே போதும். தப்புப் பண்ணிட்டேன்” என்றான்.

“கேட்டிருக்கணும்” என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பைக்கைக் கிளப்பினாள். அவன் பின்சீட்டில் கை வைத்தபோது வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

“நான் எப்படி வீட்டுக்கு வாரது?”

“பரளச்சிக்கு பஸ்ஸு இருக்கு, ஏறி வாங்க” என்றாள். “எந்த ஸ்டாப்புல எறங்குறீக, எம்புட்டு நேரம் நிக்கிறீகன்னு நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.”