சனிக்கிழமைக் கத்தரி

தையல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார் ஞானசிகாமணி வாத்தியார். நூல்கண்டும் பித்தானும் தரையெங்கும் உருண்டன. பக்கத்து அறையில் அவர் மனைவி கெசியாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். சவப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்க்க வரப்போகிறார்கள். இந்த மனுஷருக்கோ சின்னக் கத்தரி வேண்டும்.

"அத்தான், இப்பப் போயி என்னத்தத் தேடுதிய?" என்றாள் கெசியாவின் தங்கை சாலோமி.

"கத்தரி. உங்க அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

சிறுமியாக இருந்தபோது, பதநீர் காய்ச்சும் அடுப்பில் குனிந்து ஊதி இடது புருவத்தைத் தீக்குக் கொடுத்தவள் கெசியா. பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வடுவைப் பார்த்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், காதுக்கு மேலிருந்து முடியோடு ஒரு கீற்றுத் தோலை எடுத்து, புருவம் இருந்த இடத்தில் வைத்துத் தைத்தார். தோல் பிடித்துக்கொண்டது. கல்யாணமும் நடந்தது. டாக்டர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: இடம் மாறிய சங்கதி அந்த முடிக்குத் தெரியாது. தலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு வளர்ந்தது.

ஞாயிறு ஆராதனைக்கு முந்தின நாள், கதவைச் சாத்திக்கொண்டு அவர்தான் வெட்டிவிடுவார். அவள் கண்ணை மூடி முகத்தை நீட்டுவாள். "மூச்சு விடாதிய, கூசுது" என்பாள். வேண்டுமென்றே விடுவார். பகலில் பெண்டாட்டி பக்கத்தில் உட்காரவே வெட்கப்படுகிற மனுஷருக்கு, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வாரமே நகர்ந்தது.

மாதக்கணக்கில் இழுத்து அவளைக் கொண்டுபோன இந்தக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் தலையை மழித்துவிட்டார்கள். முழங்கால் தொடும் கூந்தல். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் அதைக் கூட்டி எறிந்தாயிற்று. புருவத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது படுக்கையிலேயே வளர்ந்து இமைமேல் விழுந்தது. கடைசியாக அவள் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"பெட்டில வைக்கதுக்கு முந்தி வெட்டிருங்க. ஆரும் பாத்துச் சிரிச்சிரக் கூடாது."

சாலோமி கத்தரியைக் கண்டெடுத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டுத் தானும் வெளியேறிக் கதவைச் சாத்தினாள்.

அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். முடி கண்ணைத் தாண்டிக் கன்னத்தில் கிடந்தது. நுனி லேசாகச் சுருண்டிருந்தது. அவள் பின்னலின் நுனியும் இப்படித்தான் சுருளும். அந்தக் கூந்தலில் இவ்வளவுதான் மிச்சம். வெட்ட மனம் வரவில்லை. யார் சிரித்தால் என்ன, இப்படியே இருக்கட்டுமே என்று ஆசை ஆசையாக இருந்தது. விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

பழக்கத்தில் குனிந்து அவள் நெற்றியில் மூச்சு விட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதபடியே வெட்டினார். அவளுக்குப் பிடித்த மாதிரி, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து.

"முடிஞ்சுதா அத்தான்? கோயில் மணி அடிச்சாச்சு."

வந்தவர்களெல்லாம் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. "தூங்குத மாதிரியே இருக்கா" என்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் ஜெபத்தை முடித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியது. முதல் பிடி மண் புருஷன் போட வேண்டும். ஞானசிகாமணி குனிந்து இடது கையால் அள்ளினார்.

பக்கத்தில் நின்ற வேதநாயகம் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னவே வாத்தியாரே, சோத்தாங்கையால போடும்!"

வாத்தியாரின் வலது கை வயிற்றோடு ஒட்டி இறுக மூடியிருந்தது. சாலோமி அந்தக் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் முடியின் சுருண்ட நுனி தெரிந்தது.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள். "அவிய போடட்டும்."

பெட்டியின் மேல் மண் விழுந்தது. அடுத்த பிடிக்கும் அவர் இடது கையையே நீட்டினார்.