சேற்றில் விட்ட பீரங்கி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஜெர்மனியில் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு கனரகக் காலாட்படைப் பீரங்கி நிற்கிறது. பக்கத்துப் பலகையில் அதன் எடை, குண்டின் எடை, எவ்வளவு தூரம் சுடும் என்பதெல்லாம் இருக்கிறது. யார்மேல் சுட்டது என்பது மட்டும் இல்லை. புதுச் சாயம் வேறு பூசியிருக்கிறார்கள், மாப்பிள்ளைக் கோலத்தில்!

பக்கத்து வீட்டு ஹெட்விக் அதை முறைத்துப் பார்த்தாள். "இந்த மாதிரி ஒண்ணைத்தான் எங்கப்பா சேத்துல விட்டுட்டு வந்தாரு. இதுக்குப் பலகை இருக்கு. அவருக்கு இருக்கா?"

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "உக்ரைன் சமவெளியில் மாலைச் சூரியன் பொன்னை உருக்கி..."

வேண்டாம். சூரியனே இல்லை. 1943 அக்டோபர். மழை. ஜெர்மன் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்விக்கின் அப்பா வைத் லோமுல்லர், அப்படி ஒரு பீரங்கியை இழுத்த ஆறு குதிரைகளின் ஓட்டி. அச்சுவரை சேறு. பீரங்கியை இழுத்து இழுத்துக் குதிரைகளின் விலாவெல்லாம் தோலுரிந்து கிடந்தது. பின்னால் வந்த வண்டியில் காயம்பட்ட நால்வர். அந்த வண்டிக் குதிரை விழுந்தது, எழவில்லை.

"பின்னாடி வர்ற வண்டி அவங்களை ஏத்திக்கும். நீ போ," என்றார் லெப்டினன்ட் பிரென்னெக்கெ.

"பின்னாடி ரஷ்யாக்காரன்தான் வர்றான், ஐயா."

"பீரங்கியை விட்டா என் தலை போயிடும். ஆள் போனா புது ஆள் வருவான்."

"அப்போ அந்தப் புது ஆளை வெச்சே இழுத்துக்குங்க."

வைத் முன்னிரு குதிரைகளை அவிழ்த்தான். குண்டு தூக்கும் அலோய்ஸ் பதறினான்: "அடேய், உன் கழுத்துக்கு நீயே கயிறு திரிக்கிறியே!"

"இந்த இரும்புப் பிணத்துக்காக உசுரோட இருக்கிற நாலு பேரைச் சேத்துல போடவா?"

லெப்டினன்ட் துப்பாக்கியை உருவினார். அதற்குள் பின்னால் குண்டுச் சத்தம் நெருங்கியது. எல்லாரும் ஓடினார்கள், அவரும்தான். வைத் மட்டும் வண்டியில் குதிரைகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். மிச்ச நான்கு குதிரைகளால் பீரங்கியை அசைக்கக்கூட முடியவில்லை.

3

(இங்கே நிறுத்தினால் வைத் உத்தமன். எனக்கு அவன்மேல் சந்தேகம் இருக்கிறது. முந்தைய வாரம் இதே பீரங்கி ஒரு கிராமத்து வைக்கோல் கூரைகளைப் பொடியாக்கியது. அதை அங்கே இழுத்துப்போய் நிறுத்தியது அவன் குதிரைகள்தான். உள்ளே யார் இருந்தார்கள் என்று அவன் கேட்டானா?)

இந்தப் பத்தியை எடுத்துவிடட்டுமா என்று ஹெட்விக்கிடம் கேட்டேன். வெடித்துவிட்டாள். "எதுக்கு எடுக்கணும்? அந்த வீட்டுக்காரங்களுக்கும்தான் பலகை இல்ல. எழுது!"

4

காயம்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்த்த வைத்மீது ராணுவ விசாரணை நடந்தது. கட்டளையை மீறிப் பீரங்கியை எதிரியிடம் விட்டான் என்பது குற்றச்சாட்டு. ஓடிய லெப்டினன்ட் சாட்சி சொன்னார். வைத் வீடு திரும்பவில்லை. அவன் மனைவியைத் துரோகியின் பெண்டாட்டி என்று ஊர் ஒதுக்கியது. தீர்ப்புச் சொன்னவரோ போருக்குப் பிறகும் நீதிபதியாகவே இருந்தார். நிம்மதியாகத் தூங்கி, வயதாகிச் செத்தார். இந்த வாக்கியத்தை நாகரிகமாக எழுத நானும்...

முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

5

மன்னிப்புக் கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். பொய், கிழித்துவிட்டேன். சுவரோரம் நிறுத்திச் சுட்டதாக இன்னொன்று. அந்த வேலையை அவர்களுக்காக நான் ஏன் இன்னொரு முறை செய்ய வேண்டும்?

தெரியாதது ஒன்றுதான். தீர்ப்புக்கு முன் காயம்பட்ட நால்வரையும் விசாரித்தார்கள். "நாங்க மயக்கத்துல இருந்தோம்," என்றார்கள் மூவர். நான்காமவன் சொன்னது குடும்பத்துக்கு எட்டவேயில்லை.

அந்த நான்காமவராக நீங்கள் இருங்கள். மருத்துவமனைக் கட்டில். கால் இருக்கிறது, உயிர் இருக்கிறது, இரண்டும் வைத் கொடுத்தவை. அதிகாரி குனிந்து கேட்கிறார்: "குதிரையை அவுக்கச் சொல்லி லெப்டினன்ட் உத்தரவு போட்டாரா, இல்ல அவனாவே அவுத்தானா?"

"போட்டார்" என்ற ஒரு பொய் போதும், அவன் பிழைக்கலாம். பொய் என்று தெரிந்தால் அப்புறம் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

கண்ணை மூடாதீர்கள். நீங்கள் மயக்கத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும்.